திறந்த காற்றில் விடப்படும் வேகமான எலக்ட்ரான் எவ்வளவு தூரம் போகும், பிறகு என்ன ஆகும்?

மலர்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். கேதோடு கதிர்க் குழாய், அதாவது கேதோடு என்ற எதிர்மின் முனையிலிருந்து எலக்ட்ரான்கள் பாயும் கண்ணாடிக் குழாய், பற்றிய பாடத்தில், குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்றிவிட வேண்டும் என்ற வரிக்கு வந்தபோது ஒரு மாணவன் எழுந்து, காற்று இருந்தால் எலக்ட்ரான் கிளம்பிய இடத்திலேயே நின்றுவிடுமா, அல்லது கொஞ்ச தூரமாவது போகுமா என்று கேட்டான். மூலக்கூறுகளோடு மோதி ஆற்றலை இழந்துவிடும் என்று சொன்னேன். எத்தனை மோதலில், எத்தனை சென்டிமீட்டரில் என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கு என்னிடம் எண்ணாக ஒரு விடை இல்லை.

எனக்கே நெடுநாளாக ஒரு முரண்பாடு உறுத்திக்கொண்டிருக்கிறது. கல்லூரியில் படித்தபோது ஸ்ட்ரான்சியம் 90 வைத்த சிறு பீட்டா மூலத்தை மேசையின் ஒரு முனையில் பொருத்திவிட்டு, கதிர்வீச்சை எண்ணும் கெய்கர் எண்ணியை மீட்டர் அளவுகோலின் மேல் பின்னுக்கு நகர்த்தி நகர்த்திப் பார்த்திருக்கிறேன். மேசை முடிந்துபோனது, எண்ணியின் டிக் டிக் ஓசை முடியவில்லை. பீட்டா என்பதும் எலக்ட்ரான்தான். அது ஒரு மேசை நீளக் காற்றை எளிதாகத் தாண்டிப் போகும்போது, டிவி குழாயில் மட்டும் சிறிதளவு காற்றும் இருக்கக் கூடாது என்று ஏன் சொல்கிறோம்? மேலும், பழைய பிக்சர் டியூபின் முகப்பில் துளையிட்டால் எலக்ட்ரான் வெளியே வருமா என்றும் அவன் கேட்கிறான். அவனே செய்து பார்த்துவிடுவானோ என்ற கவலையும் எனக்கு உண்டு. தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வேலாயுதம் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது பாதுகாப்புப் பற்றியது. பிக்சர் டியூபைத் துளைக்கவே கூடாது என்று அந்த மாணவனிடம் இன்றே சொல்லிவிடுங்கள். உள்ளே வெற்றிடம், வெளியே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடைக்குச் சமமான காற்றழுத்தம். கண்ணாடி உள்நோக்கி நொறுங்கிச் சில்லுகள் அறை முழுவதும் பாயும். அதையும் மீறிச் சிறு துளை விழுந்தாலும் எலக்ட்ரான் வெளியே வராது. நுழையும் காற்று, சூடான கேதோடின் மேல் உள்ள ஆக்சைடுப் பூச்சைக் கெடுத்துவிடுவதால் எலக்ட்ரான் பிறக்கும் இடமே செத்துப்போகும்.

ஆனால் அவன் கேட்டிருப்பது 1890களில் ஜெர்மனியில் பிலிப் லெனார்டு தனக்குத்தானே கேட்டுக்கொண்ட கேள்வி. கேதோடு கதிர்கள் மெல்லிய உலோகத் தாள்களை ஊடுருவுகின்றன என்று ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் 1892இல் காட்டியிருந்தார். அவரிடம் உதவியாளராக இருந்த லெனார்டு, குழாயின் முனையில் 1.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை போட்டு, அதை 0.00265 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியத் தாளால் மூடினார். இவ்வளவு சிறிய துளை எதற்கு என்று மாணவர்களைக் கணக்கிடச் சொல்லுங்கள். அந்தத் துளையின் பரப்பின் மேல் காற்று அழுத்தும் பாரம் 23 கிராம் அளவுதான். அதை அந்தத் தாள் தாங்கும். எலக்ட்ரான் நுழையும் அளவுக்கு மெல்லியதாகவும் வெற்றிடத்தைக் காக்கும் அளவுக்கு உறுதியானதாகவும் ஒரே தாள் இருந்தாக வேண்டும் என்பதுதான் இந்தத் துறையின் முதல் சிக்கல். எலக்ட்ரான்களை வேகப்படுத்தும் இன்றைய முடுக்கிகளிலும் அது தீர்ந்துவிடவில்லை.

தாளைக் கடந்து கதிர் வெளியே வந்தபோது, சன்னலை, அதாவது தாள் மூடிய அந்தத் துளையை, ஒட்டிய காற்று மங்கலான நீல ஒளியில் சுடர்ந்தது. சில சென்டிமீட்டர் தள்ளி வைத்த ஒளிரும் பூச்சுப் பூசிய தாளும் மின்னியது. அடுத்து அவர் வெவ்வேறு வாயுக்களையும் திண்மங்களையும் குறுக்கே வைத்துப் பார்த்து, இன்றும் நாம் நம்பியிருக்கும் ஒரு விதியைக் கண்டார். எலக்ட்ரானை நிறுத்துவதில் பொருள் எது என்பது பெரிதல்ல. ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்குப் பரப்பில் அதன் எதிரே எத்தனை கிராம் பொருள் நிற்கிறது என்பதே முக்கியம். லெனார்டின் அலுமினியத் தாளை இந்தக் கணக்கில் போட்டால், அது 6 மில்லிமீட்டர் காற்றுக்குச் சமம். உங்கள் முரண்பாட்டை அவிழ்க்கும் சாவியும் இதுதான்.

எலக்ட்ரான் காற்றில் பறக்கும்போது என்ன நடக்கிறது என்பதை நெருங்கிப் பார்ப்போம். மோதல் என்ற சொல் இரண்டு கோலிகள் முட்டிக்கொள்வதைப் போன்ற எண்ணத்தைத் தந்துவிடுகிறது. உண்மையில் வேகமான எலக்ட்ரான் ஒரு நைட்ரஜன் மூலக்கூறின் அருகே கடந்து போகும்போது தன் மின்விசையால் அதன் வெளி எலக்ட்ரான் ஒன்றை உலுக்குகிறது. சில சமயம் அது கழன்று, அந்த எலக்ட்ரானும் நேர்மின்னூட்டம் பெற்ற மூலக்கூறுமாக ஓர் அயனி இணை உருவாகிறது. சில சமயம் மூலக்கூறு கிளர்ந்து பின்னர் அடங்குகிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், காற்றில் ஓர் அயனி இணைக்குச் சராசரியாக 34 எலக்ட்ரான் வோல்ட் செலவாகிறது (ஒரு வோல்ட் மின்னழுத்தத்தைக் கடக்கும் எலக்ட்ரான் பெறும் ஆற்றலே ஓர் எலக்ட்ரான் வோல்ட்). ஆகவே 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு கிளம்பும் ஓர் எலக்ட்ரான் ஓய்வதற்குள் ஏறத்தாழ 3,000 அயனி இணைகளைத் தன் வழியில் விட்டுச் செல்லும். எத்தனை மோதல் என்று கேட்ட மாணவனுக்கு இந்த எண்ணைச் சொல்லலாம்.

தூரத்துக்கு வருகிறேன். பிக்சர் டியூபில் எலக்ட்ரானுக்குக் கிடைப்பது 25 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவு. சாதாரணக் காற்றில் அதன் மொத்தப் பாதை நீளமே 1.2 சென்டிமீட்டர்தான், திரையைச் சென்றடைய அதைப் போலப் பல மடங்கு தூரம் போக வேண்டும். 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்றால் 13 சென்டிமீட்டர், 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் என்றால் 4 மீட்டர். உங்கள் ஸ்ட்ரான்சியம் மூலத்திலிருந்து, இன்னும் சரியாகச் சொன்னால் அது சிதைந்து உருவாகும் இட்ரியம் 90இலிருந்து, வரும் மிக வேகமான எலக்ட்ரான்களின் ஆற்றல் 22.8 லட்சம் எலக்ட்ரான் வோல்ட். அவை காற்றில் 8, 9 மீட்டர் வரை போகக்கூடியவை. மேசை முடிந்தும் ஓசை முடியாததில் வியப்பில்லை.

ஆற்றல் பத்து மடங்கு கூடினால் தூரம் பத்து மடங்குக்கும் மேல் கூடுகிறதே என்று கேட்கலாம். மெதுவாகப் போகும் எலக்ட்ரான் ஒவ்வொரு மூலக்கூறின் அருகிலும் அதிக நேரம் இருப்பதால் அதை அதிகமாக உலுக்குகிறது. 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டில், அதாவது ஒளியின் வேகத்தில் 94 சதவீதத்தில் போகும்போது, ஒரு சென்டிமீட்டர் காற்றில் இழப்பது 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான். 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு இறங்கியதும் அந்த இழப்பு வீதம் 24 ஆக ஏறிவிடுகிறது. ஆகவே எலக்ட்ரான் தன் பயணத்தின் கடைசிப் பகுதியில்தான் அயனிகளை நெருக்கமாகக் கொட்டுகிறது.

மேலே சொன்னவை பாதையின் நீளங்கள், நேர்கோட்டுத் தூரங்கள் அல்ல. எலக்ட்ரான் மிக இலேசானது என்பதால், அணுக்கருவின் அருகே போகும்போதெல்லாம் அதன் திசை திரும்பிவிடுகிறது. தொடக்கத்தில் அம்புபோல் நேராகப் போவது, ஆற்றல் குறையக் குறைய வளைந்து நெளிந்து, முடிவில் எந்தத் திசையில் கிளம்பியது என்பதற்கான தடயமே இல்லாமல் அலைந்து ஓய்கிறது. வில்லியம் கூலிட்ஜ் 1926இல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் 3 அங்குல நிக்கல் சன்னல் வைத்த குழாயில் 350 கிலோ வோல்ட் கொடுத்தபோது, சன்னலுக்கு முன்னால் கண்டது ஒரு கோடு போன்ற கதிர் அன்று, ஊதா நிறத்தில் பந்துபோல் பரந்த ஒளிமூட்டம். சிதறலை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சி எனக்குத் தெரியாது. அந்த நிக்கல் தாளின் தடிமன் 0.0127 மில்லிமீட்டர்; அதன் மேல் காற்றின் பாரம் 47 கிலோகிராம் என்பதால், உள்ளே மாலிப்டினச் சட்டம் ஒன்றை முட்டுக் கொடுத்துத் தாங்க வேண்டியிருந்தது.

லெனார்டின் சில சென்டிமீட்டர்களிலிருந்து ஜே. ஜே. தாம்சன் 1897இல் எடுத்த முடிவையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காற்றில் ஒரு மூலக்கூறு அடுத்ததை முட்டாமல் போகக்கூடிய தூரம் ஒரு சென்டிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அளவே. லெனார்டின் கதிரோ அரை சென்டிமீட்டர் போன பிறகும் பாதி வலுவோடு இருந்தது. அப்படியானால் கதிரில் வருபவை மூலக்கூறைவிட மிக மிகச் சிறியவையாக இருந்தாக வேண்டும் என்று அவர் வாதிட்டார். எலக்ட்ரான் அணுவைவிடச் சிறியது என்ற எண்ணத்துக்கு அது திறந்த காற்றில் ஓடிய தூரமும் ஒரு சான்றாக இருந்திருக்கிறது.

குமரன் எழுதியது:

ஐயா விரிவாக எழுதிவிட்டதால், நான் கண்ணால் பார்ப்பதை மட்டும் சேர்க்கிறேன். மின்கம்பிகளின் மேலுறையை எலக்ட்ரான் கற்றையால் கதிர்வீசி உறுதிப்படுத்தும் ஓர் ஆலையில் வேலை செய்கிறேன். எங்கள் முடுக்கி 15 லட்சம் வோல்ட்டில் ஓடுகிறது. வெற்றிடத்துக்கும் காற்றுக்கும் நடுவே இருப்பது மயிரிழையைவிட மெல்லிய டைட்டானியத் தாள். அதைக் கடக்கும் எலக்ட்ரான்கள் விட்டுச்செல்லும் ஆற்றலில் தாள் உருகாமலிருக்க, அதன் மேல் காற்றை ஓயாமல் ஊதிக்கொண்டே இருக்கிறோம். கற்றை ஓடும்போது அந்த அறைக்குள் யாரும் இருக்கக் கூடாது. அறை விளக்கை அணைத்துவிட்டுக் கேமரா வழியாகப் பார்த்தால், சன்னலுக்குக் கீழே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு திரை தொங்குவதுபோல் தெரியும். கம்பி அதன் ஊடே ஓடிக்கொண்டிருக்கும்.

கற்றையை நிறுத்திய பிறகும் உடனே கதவைத் திறக்க மாட்டோம். எலக்ட்ரான்கள் அந்தக் கணமே போய்விட்டாலும், அவை காற்றில் செய்துவைத்த வேதியியல் அங்கேயே நிற்கிறது. உடைந்த ஆக்சிஜன் மூலக்கூறின் ஒற்றை அணு இன்னொரு முழு மூலக்கூறோடு சேர்ந்து ஓசோனாகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளும் உண்டாகி, காற்றின் ஈரத்தோடு கூடினால் நைட்ரிக் அமிலமாகின்றன. ஓசோன் பத்து லட்சத்தில் 0.1 பங்குக்கு மேல் இருக்கும் காற்றில் வேலை செய்யக் கூடாது என்பதால், வெளியேற்றும் விசிறிகள் ஓடி அளவு இறங்கிய பிறகே பூட்டு விடுபடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சன்னலுக்குப் பக்கத்தில் போயிருந்த ஒரு ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்தேன். வளைந்த இடத்தில் எல்லாம் வரிவரியாகப் பிளவு விட்டிருந்தது. கதிர் நேராகப் படாத இடம் அது, ஓசோனே அப்படி அரித்திருந்தது. அதன் பிறகு காற்றை வெற்று இடமாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

இதே வேதியியலைப் பயனுக்கும் திருப்புகிறார்கள். போலந்தின் போமொசானி அனல்மின் நிலையத்தில், புகையில் அம்மோனியாவைக் கலந்து எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகளை உர உப்புகளாக மாற்றிப் பிரித்தெடுத்தார்கள்.

நிலவன் எழுதியது:

ஒரு சிறு ஐயம். குமரன் சொல்லும் அந்த நீல ஊதா ஒளி, அணு உலைகளின் நீர்த்தொட்டியில் தெரியும் செரன்கோவ் ஒளிதானே? அதிவேக எலக்ட்ரான் என்றாலே அதுதான் என்று படித்திருக்கிறேன்.

வேலாயுதம் எழுதியது:

நிறம் ஒத்திருப்பதால் பலரும் இப்படி நினைக்கிறார்கள். ஆனால் இது வேறு. ஓர் ஊடகத்தில் ஒளி போகும் வேகத்தை எலக்ட்ரான் மிஞ்சினால் மட்டுமே செரன்கோவ் ஒளி பிறக்கும். நீரில் ஒளியின் வேகம் வெற்றிடத்தில் உள்ளதில் நான்கில் மூன்று பங்கு என்பதால், 2.6 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டே போதும். காற்றோ ஒளியை மிகச் சிறிதளவே தாமதப்படுத்துகிறது. அங்கே ஒளியை முந்த எலக்ட்ரானுக்கு 2 கோடி எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேல் வேண்டும். 15 லட்சத்தில் ஓடும் ஆலையில் அது நடக்க வழியில்லை.

குமரன் பார்ப்பது கிளர்ந்த நைட்ரஜன் அடங்கும்போது விடும் ஒளி. 337, 358, 391, 428 நானோமீட்டர் அளவில் அதன் பட்டைகள் உள்ளன. முதலிரண்டும் கண்ணுக்குத் தெரியாத புறஊதா, பின்னிரண்டும் ஊதாவின் விளிம்பில் தெரிபவை. இந்த ஒளி மிகவும் சிக்கனமானது. 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் முழுவதும் தரைமட்டக் காற்றில் கரைந்தாலும், 337 நானோமீட்டர் பட்டையில் கிடைப்பவை 5 அல்லது 6 ஒளித்துகள்களே. கிளர்ந்த மூலக்கூறு ஒளிர்வதற்குள் பக்கத்து மூலக்கூறு, அதிலும் குறிப்பாக ஆக்சிஜன், முட்டி அந்த ஆற்றலை வாங்கிக்கொள்வதே காரணம்.

சிவநேசன் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன், நாங்கள் இலத்திரன் என்று சொல்லிப் பழகியவர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். திணிவுதான் (உங்கள் வழக்கில் நிறை) கணக்கு என்று ஐயா சொன்னதற்கு வானத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 10 கிலோ இலத்திரன் வோல்ற்று ஆற்றலுள்ள இலத்திரன் தரைமட்ட வளியில் 2.4 மில்லிமீற்றர்தான் ஓடும். அதே ஆற்றலோடு விண்வெளியிலிருந்து இறங்கும் இலத்திரன்கள் ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உயரத்தில் நின்று துருவ ஒளியை உண்டாக்குகின்றன. அந்த உயரத்துக்கு மேலே எஞ்சியிருக்கும் முழு வளிமண்டலத்தையும் அழுத்தித் தரைமட்ட அடர்த்திக்குக் கொண்டுவந்தால், அதுவும் 2, 3 மில்லிமீற்றர் தடிப்புக்கு மேல் வராது. 1969 ஜனவரியில் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவிலிருந்து ஏவிய ரொக்கெற்றில் இலத்திரன் துப்பாக்கி ஒன்றை வைத்துக் கீழ்நோக்கிச் சுட்டு, செயற்கையாகவே ஒரு துருவ ஒளிப் பொட்டை உண்டாக்கிக் காட்டினார்கள்.

துருவ ஒளியின் பச்சை நிறம் ஏன் உங்கள் ஆலையில் தெரிவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. கிளர்ந்த ஒட்சிசன் அணு 557.7 நானோமீற்றர் பச்சையை வெளிவிட முக்கால் செக்கன் அளவு காத்திருக்க வேண்டும். தரைமட்டத்தில் அதற்குள் கோடிக்கணக்கான முறை முட்டுப்பட்டு அது அடங்கிவிடும். மேலே தொந்தரவு செய்ய ஆளில்லை.

மலர்விழி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. லெனார்டின் தாள் 6 மில்லிமீட்டர் காற்றுக்குச் சமம் என்ற கணக்கை இன்று கரும்பலகையில் மாணவர்களையே போடவைத்தேன்; விடை வந்தபோது வகுப்பு முழுவதும் ஒரு நொடி அமைதியாக இருந்தது. அந்த மாணவன் இப்போது இரண்டு கேள்விகளைத் தந்திருக்கிறான். ஓய்ந்துபோன எலக்ட்ரான் எங்கே போகிறது? காற்று சென்டிமீட்டருக்கு 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான் பறிக்கிறது என்றால், வெளியிலிருந்து ஒரு மின்புலம் அந்த இழப்பை ஈடுகட்டிக்கொண்டே வந்தால் எலக்ட்ரான் நிற்காமலே போகுமா?

வேலாயுதம் எழுதியது:

முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது. 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான் தன் 4 மீட்டர் பாதையை ஒரு நொடியின் நூறு கோடியில் 15 பங்கு நேரத்துக்குள் ஓடி முடிக்கிறது. ஓய்ந்த பிறகும், வழியில் கழன்ற பிற எலக்ட்ரான்களோடு சேர்ந்து, ஏறத்தாழ அதே அளவு நேரமே அது தனியாக இருக்கும். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு அதைப் பிடித்து எதிர்மின் அயனியாகிவிடும். நீர் மூலக்கூறுகள் சில அதைச் சூழ்ந்துகொள்ள, அது மெல்ல நகர்ந்து எங்காவது ஒரு நேர்மின் அயனியோடோ சுவரோடோ சேர்ந்து மின்னூட்டத்தை இழக்கும். தூய நைட்ரஜனில் இப்படிப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாததால் எலக்ட்ரான் வெகுநேரம் தனித்தே திரியும்.

இரண்டாவது கேள்வியைக் கேட்ட மாணவனை என் சார்பில் பாராட்டுங்கள். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சி. டி. ஆர். வில்சன் 1925இல் இதையே இடிமேகங்களை நினைத்துக் கேட்டார். சென்டிமீட்டருக்கு 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட் இழப்பு என்றால், மீட்டருக்கு 2 லட்சம் வோல்ட்டுக்குச் சற்று மேற்பட்ட மின்புலம் அதை ஈடுகட்டிவிடும். உலர்ந்த காற்றில் பொறி பறக்க வேண்டிய மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட்டைவிட இது மிகவும் குறைவு. மெதுவான எலக்ட்ரான் இதனால் பயன் பெறாது, ஏனெனில் அதன் இழப்பு அதிகம். ஏற்கெனவே வேகமாக இருக்கும் எலக்ட்ரான் மட்டும், அதாவது விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் தந்த ஒன்று, இழப்பதைவிட அதிகமாகப் பெற்றுக்கொண்டே ஓடும். வழியில் தன்னைப் போன்ற வேகமான எலக்ட்ரான்களையும் தட்டி எழுப்பும். 1992இல் ரஷ்ய இயற்பியலாளர் குரேவிச்சும் உடன் ஆய்வாளர்களும் இந்தப் பெருக்கத்தைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். இடிமேகங்களிலிருந்து காமா கதிர் வெடிப்புகள் கிளம்புவதைச் செயற்கைக்கோள் கருவி ஒன்று பதிவு செய்த செய்தி 1994இல் வெளிவந்தது.

மேகங்களுக்குள் அவ்வளவு மின்னழுத்தம் உண்டா என்று அவன் அடுத்துக் கேட்பான். ஊட்டியில் உள்ள கிரேப்ஸ் 3 ஆய்வகம், 2014 டிசம்பர் 1 அன்று தலைக்கு மேல் நகர்ந்த ஓர் இடிமேகத்தின் மின்னழுத்தத்தை, அதைக் கடந்து வந்த மியுவான்களின், அதாவது காஸ்மிக் கதிர்கள் காற்றில் உண்டாக்கும் மின்னூட்டமுள்ள துகள்களின், எண்ணிக்கை குறைந்ததை வைத்து அளந்தது. 2019இல் வெளியான அந்த அளவு 130 கோடி வோல்ட்.